வடக்கும் தெற்கும் கலந்த குப்பி

மூடியைத் திறந்ததும் ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியது. அதற்கு அடியில், இத்தனை வருடம் கழித்தும், மாங்காய் ஊறுகாயின் பெருங்காய வாசனை லேசாக இருந்தது. உன் வீட்டு ஊறுகாய்க் குப்பிதான் அது. சனிக்கிழமை காலையில் உன் வீட்டுக்காரர் அதைக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். செய்தித்தாளில் சுற்றி, துணிப்பையில் போட்டு, படகில் வரும்போது மடியைவிட்டு இறக்காமல் பிடித்துக்கொண்டு வந்தாராம்.

“அவ சொல்லி வச்சிருந்தா. பதினாறு கழிஞ்சதும் உங்க கையிலதான் கொடுக்கணும்னு,” என்றார். “உள்ள என்னமோ பல்லியெல்லாம் கெடக்கு. பிள்ளைங்களுக்குப் பேடி, பயந்து பக்கத்துலயே போகாது. வீட்டுல வேண்டாம்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கேட்டாளா?”

சாயா போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, அடுத்த படகு போய்விடும் என்று எழுந்துகொண்டார். அவர் போன பிறகு ஒரு மணி நேரம் நான் அந்தக் குப்பியைத் தொடவில்லை. அடுக்களைக்குப் போய், துடைத்த மேடையையே மறுபடி துடைத்துக்கொண்டு நின்றேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகக் குறுகுறுத்து, அதுவே அதன் வழக்கமான துடிப்பாகிப் போயிருந்தது. உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அதில் கிடக்கும் பல்லிகளைப் பிடித்தவளே நான்தானே.

நாம் இரண்டு பேரும் விலங்கியல் எடுத்தபோது மட்டாஞ்சேரியில் குடியேறிய நம் தமிழ் ஆட்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நம் இருவரின் அப்பாக்களும் கார்ப்பரேஷனில் ஒரே குப்பை வண்டியில் வேலை பார்த்தவர்கள். “எலியும் பாச்சையும் நாங்க தெனமும் பாக்குறது போதாதா, அதைப் படிக்க வேற செய்யணுமா?” என்று உன் அப்பா கேட்டார். நீ அசரவில்லை. சுள்ளிக்கல்லில் இருந்து நான் நடந்து வருவேன், நீ கொச்சங்காடியில் சுக்கு குடோன் முனையில் நிற்பாய். படகுத்துறை வரை பேசிக்கொண்டே போவோம். உன் தாவணியில் எப்போதும் சுக்கு வாசனை வரும் என்று கிண்டல் செய்வேன். “உன்னோடதுல மட்டும் மல்லிப்பூ மணக்குதாக்கும்?” என்பாய்.

முதுகலையில் உனக்குக் கிடைத்த ஆய்வு வேலைதான் பகல்பல்லி. வீட்டுச் சுவரில் விளக்கடியில் பூச்சி பிடிக்கும் பல்லி இல்லை. காட்டில் நிழலான பாறையிலும் ஈரமான கல்மதிலிலும் பகலில் நடமாடுவது. விரல் நீளம்தான் இருக்கும். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே மண்ணார்க்காட்டு மலையில் இருப்பதும், தெற்கே நெல்லியாம்பதியில் இருப்பதும் ஒரே இனம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நீ மட்டும் வேறு வேறு என்றாய். முதல் பயணத்தில் இரண்டு மலைக்கும் சேர்ந்தே போனோம். தெற்கே ஆண் பல்லியின் தொண்டை மஞ்சளாக இருந்தது. வடக்கே வெறும் சாம்பல். அது போதாது, தொடைக்கு அடியில் வரிசையாக இருக்கும் துளைகளை எண்ண வேண்டும், முதுகுச் செதில்களை எண்ண வேண்டும் என்று நீ லென்சும் கையுமாகவே அலைந்தாய்.

ஒரு மலையிலிருந்து மற்ற மலைக்குப் போகும் பேருந்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நீ எனக்கு அதை விளக்கியது இன்னும் காதில் இருக்கிறது. வெளியே பனைமரங்கள், அறுத்த வயல், முகத்தில் அறையும் சூட்டுக் காற்று.

“எடி, இந்தச் சூட்டுல ஒரு குட்டிப் பல்லி நடந்து அக்கரைக்குப் போகுமா? பாதி வழியிலேயே கருவாடாயிரும். அப்ப என்னாகும்? அங்க உள்ளது அங்கேயே ஜோடி சேரும், இங்க உள்ளது இங்கேயே. அங்க ஒரு சின்ன மாத்தம் வந்தா அங்கேயே நிக்கும். இங்க வர்றது இங்கேயே நிக்கும். அப்படியே எத்தனையோ காலம். பிறகு ஒரு நாள் ரெண்டையும் கொண்டாந்து நேருக்கு நேரா வச்சா, இது நம்ம ஆளுன்னே அதுக்குத் தெரியாது. கேட்டியா?”

“நம்ம அப்பாமாரும் இந்தக் கணவாய் வழியாத்தானேடி வந்தாங்க?” என்றேன்.

“அவங்களுக்கு ரயில் இருந்தது. பல்லிக்கு யாரு டிக்கெட் எடுப்பா?” என்று சிரித்தாய். பிறகு, பொள்ளாச்சியில் உன் அத்தை பிள்ளைகள் நம் தமிழைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பதைச் சொன்னாய். “இன்னும் ரெண்டு தலைமுறை கழிஞ்சா நம்மள அவங்க கூட்டத்துலயே சேக்க மாட்டாங்க பாரு.”

இன்று நான் கல்லூரியில் இந்தப் பாடத்தை வருடா வருடம் நடத்துகிறேன். மலை, கணவாய், ஆறு, கடல் எப்படி ஓர் இனத்தைப் பிரித்து இரண்டாக்குகிறது என்று கரும்பலகையில் படம் போடுகிறேன். அந்தப் பேருந்தில் நீ சொன்ன அதே வரிசையில்தான் சொல்கிறேன், டிக்கெட் எடுக்கும் வேடிக்கை உட்பட. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். யார் சொன்னது என்று ஒரு வருடம்கூட நான் சொன்னதில்லை.

நம் பேராசிரியர், முதல் பயணத்தில் பிடித்த நான்கும் நான்குமாக எட்டுப் பல்லி போதாது, இன்னும் வேண்டும் என்றார். காட்டிலாகா அனுமதிக் கடிதத்தில் நம் இருவர் பெயரும் இருந்தது. அனுமதி நாள் முடியப் போகிறது என்ற நேரம் பார்த்து உனக்கு மஞ்சள்காமாலை வந்தது. நான் போகிறேன் என்றேன். நீ பாயில் படுத்தபடியே எனக்குப் பாடம் எடுத்தாய்.

“ஒரு மலைக்கு ஒரு குப்பி. பிடிச்ச எடத்திலேயே சீட்டு எழுதி கால்ல கட்டணும், லாட்ஜுக்கு வந்து எழுதக்கூடாது. பென்சில்லதான் எழுதணும். பேனா ஸ்பிரிட்டுல கரைஞ்சு போயிரும். எடம் இல்லாத பல்லி வெறும் பல்லிடி, அதை வச்சு ஒண்ணும் செய்ய முடியாது.”

“சரி டீச்சரே.”

“சிரிக்காதே. எங்கயாவது தப்பு வந்தா பழைய சீட்டைக் களையாதே. அதுக்குப் பின்னால புதுசு கட்டு. திருத்தினது யாருன்னு பேரு எழுது. தப்பு யாருக்கும் வரும், திருத்துனவ பேரு மட்டும் இருக்கணும்.”

இரண்டு குப்பி கட்டித் தந்தாய். ஒன்று பாரமாக இருக்கிறது என்று நான் வீட்டிலேயே வைத்துவிட்டேன். ஒவ்வொன்றின் காலிலும் சீட்டு இருக்கப் போகிறது, குப்பி ஒன்றானால் என்ன என்று என் அதிமேதாவித்தனம். முதல் நாள் மழையில் பென்சில் முனை ஒடிந்தது. சீவ பிளேடு இல்லை. துணைக்கு வந்த காட்டுக் காவலர் சட்டைப்பையில் பேனா இருந்தது. “சேட்டா, ஒண்ணு தருமோ?” என்று வாங்கிக்கொண்டேன். நீ சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. ஒன்றிரண்டு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

ஊருக்கு வந்து குப்பியைத் திறந்தபோது ஸ்பிரிட் நீலமாக இருந்தது. பதினான்கு பல்லி, பதினான்கு சீட்டு. ஒன்றில்கூட எழுத்து இல்லை. தொண்டை மஞ்சள் இருந்தவையும் வெளுத்துப் போயிருந்தன, ஸ்பிரிட்டில் நிறம் நிற்காது. நோட்டில் வடக்கே எட்டு, தெற்கே ஆறு என்ற கணக்கு மட்டும் இருந்தது. எது எங்கே பிடித்தது என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தக் கண் உனக்குத்தான் இருந்தது.

அன்று மத்தியானமே நீ காமாலை தெளிந்து கல்லூரிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாய். உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இத்தனை வருடங்களில் ஆயிரம் தடவை யோசித்துவிட்டேன். நீ திட்டியிருப்பாய். ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாய். பிறகு, உன் முதல் எட்டுப் பல்லிகளை வைத்துக்கொண்டு, அடுத்த வருட அனுமதிக்குக் காத்திருப்போம் என்று சொல்லியிருப்பாய். அவ்வளவுதான். அந்த ஒரு வாரத்துக்குப் பயந்து, ஈரம் காயாத சீட்டுகளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினேன். எட்டில் வடக்கு, ஆறில் தெற்கு. உத்தேசமாக, முகத்தைப் பார்த்து ஆள் சொல்வதுபோல. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

நீ வந்தாய். இன்னும் மஞ்சள் போகாத கண்ணோடு ஒவ்வொன்றாக இடுக்கியில் தூக்கிப் பார்த்தாய். மூன்றாவதை எடுத்ததும் நின்றாய்.

“எடி, இது தெக்கே உள்ளது மாதிரி இருக்கே?”

நான் லென்சைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டு, “சீட்டுல என்ன இருக்கு?” என்றேன்.

“வடக்குன்னு இருக்கு.”

“அப்ப வடக்குதான்.”

நீ அந்தப் பல்லியை ஒரு முறை பார்த்தாய், சீட்டை ஒரு முறை பார்த்தாய், என்னையும் பார்த்தாய். பிறகு, “செரி, எனக்குத்தான் கண்ணு பிடிக்கல. காமாலைக் கண்ணாச்சே,” என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுத்தாய். உன் கண்ணைவிட என் கையெழுத்தை நம்பினாய். அன்று நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

எண்ணி முடிக்கப் பத்து நாள் ஆனது. முதல் எட்டில் அவ்வளவு சுத்தமாகப் பிரிந்து நின்ற துளைக்கணக்கு, இந்தப் பதினான்கில் தாறுமாறாகக் கலந்து கிடந்தது. வேறொருத்தியாக இருந்தால் ஒத்துவராததை ஓரமாக ஒதுக்கிவிட்டு எழுதியிருப்பாள். நீ எதையும் ஒதுக்கவில்லை. பேராசிரியரிடம் போய், “சார், நான் பாத்தது தப்பு. ரெண்டும் ஒண்ணுதான்,” என்று நீயே சொன்னாய். நான் உனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் வேறு தலைப்பு எடுக்கச் சொன்னார். குப்பிகளைக் கழுவி வைக்கச் சொன்னார். நீ பல்லிகளைக் கொட்ட மனமில்லாமல், எல்லாவற்றையும் வீட்டு ஊறுகாய்க் குப்பியில் போட்டு எடுத்துக்கொண்டு போனாய்.

வேறு தலைப்பு நீ எடுக்கவே இல்லை. ஏலூரில் ஒரு கம்பெனியில் தண்ணீர் பரிசோதிக்கும் வேலைக்குப் போனாய். நான் மேலே படித்தேன், விரிவுரையாளர் ஆனேன், கல்யாணமாகி எர்ணாகுளம் பக்கம் வந்துவிட்டேன்.

ஒரு முறை உன்னோடு மீன் வாங்கப் போனேன், ஞாபகம் இருக்கிறதா? கூடையைத் தூரத்தில் பார்த்தே இன்றைய மீனா நேற்றைய மீனா என்று சொல்லக்கூடியவள் நீ. அன்று அயிலையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாய். “நீ பாத்துச் சொல்லுடி. எனக்குக் கண்ணு போதாது.” கண் மருத்துவரிடம் போனாயா என்று கேட்டேன். “அந்தக் கண்ணு இல்லடி,” என்றாய். வேலை செய்யும் இடத்திலும் ஒரே தண்ணீரை மூன்று தடவை பரிசோதிக்கிறாய் என்று மற்றவர்கள் கேலி செய்வதாகச் சொல்லிச் சிரித்தாய். நான் மீனை வாங்கித் தந்துவிட்டு அவசரமாகப் படகேறினேன்.

அதற்கப்புறம் அந்தப் படகில் நான் ஏறுவதே குறைந்தது. இருபது நிமிடம்தான். பல்லிகளுக்காவது நடுவில் வெயிலும் வயலும் இருந்தது. எனக்கு டிக்கெட்டும் இருந்தது, படகும் இருந்தது. உன்னிடமிருந்து விலகி நின்றால் பொய் மறந்துவிடும் என்று நினைத்தேன். “அக்கரையிலேயே இருந்தா நாமளும் வேற வேறயாப் போயிருவோம்டி,” என்று போனில் வைவாய். கல்லூரியில் வேலை, பிள்ளைக்குப் பரீட்சை என்று ஏதாவது சொல்வேன்.

ஏழு வருடங்களுக்கு முன்னால் நீ போன் செய்தாய். குரலில் பழைய துள்ளல் இருந்தது. யாரோ அந்த இரண்டு மலைகளிலும் நன்றாகத் தேடி, இரண்டும் வெவ்வேறு இனம்தான் என்று எழுதியிருக்கிறார்களாம். எனக்கு அது முன்பே தெரியும். தெரிந்தும் உன்னிடம் சொல்லாமல் இருந்தேன்.

“அப்ப நம்ம குப்பியில இருந்தது என்னவாயிருக்கும்டி?” என்று கேட்டாய்.

“யாருக்குத் தெரியும்? பழைய கதை,” என்றேன்.

நீ பேச்சை மாற்றி, என் புது வீட்டுப் பால்காய்ச்சு எப்போது என்று கேட்டாய். அடுத்த மாதம் என்றேன். அழைப்பிதழைத் தபாலில் அனுப்பினேன், நேரில் கொண்டுவந்து தரவில்லை. ஆனாலும் நீ ஒரு சீப்பு நேந்திரப்பழத்தோடு வந்து, வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்து, அடுக்களையில் வெளிச்சம் போதாது என்று குறை சொல்லிவிட்டுப் போனாய்.

கடைசியாக உன்னைப் பார்த்தது இந்த ஆனி மாதத்தில். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, ஆஸ்பத்திரியும் வீடுமாக நீ அலைந்து களைத்திருந்தாய். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். ஜன்னல் வழியாகச் சுக்கு வாசனை வந்துகொண்டிருந்தது. பீரோமேல் அந்த ஊறுகாய்க் குப்பி இருந்தது. என் கண் அதில் பட்டதை நீ பார்த்துவிட்டாய்.

“ஏதாவது சொல்ல வந்தியாடி?” என்று கேட்டாய்.

சொல்லத்தான் வந்திருந்தேன். படகில் வரும்போது வாக்கியங்களை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே வந்திருந்தேன். ஆனால் உன் கணுக்கால் வீக்கத்தைப் பார்த்ததும், இந்த நேரத்தில் போய் இதைச் சொல்வதா என்று ஒரு சாக்கு அழகாகக் கிடைத்துவிட்டது.

“இல்லடி. சும்மா பாக்கத்தான்.”

“செரி,” என்றாய். “சாயா குடிச்சிட்டுப் போ.”

மூன்று வாரம் கழித்து நீ போய்விட்டாய்.

இப்போது குப்பி என் மேசையில் இருக்கிறது. பல்லிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தேன். என் பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. நான் பிடித்தவற்றில் ஆறின் காலில் மட்டும் இரண்டு சீட்டு இருந்தது. முன்னால் என்னுடையது, பின்னால் இன்னொன்று, உன் கையெழுத்தில். நான் வடக்கு என்று எழுதிய மூன்றில் நெல்லியாம்பதி, தெற்கு என்று எழுதிய மூன்றில் மண்ணார்க்காடு.

உனக்கு எப்படித் தெரிந்தது என்று முதலில் புரியவில்லை. என் சீட்டு ஒன்றைக் காயவைத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். மை போனாலும் அந்தக் காவலரின் பேனா அழுத்திய தடம் அட்டையில் பள்ளமாக இருந்தது, வாசிக்க முடிந்தது. அன்றைக்கு ஈரத்தில் எனக்குத் தெரியவில்லை. காயும்வரை காத்திருக்கவும் இல்லை. உன் சீட்டைத் திருப்பினேன். பின்பக்கம் மஞ்சள் நிறம், சிவப்பு அச்சு. ஒன்றில் என் வீட்டுப் பெயரின் பாதி, இன்னொன்றில் ‘அன்புடன் அழைக்கிறோம்’. என் பால்காய்ச்சு அழைப்பிதழை வெட்டித்தான் சீட்டுச் செய்திருக்கிறாய். அப்படியானால் போன் செய்த கொஞ்ச நாளிலேயே குப்பியை இறக்கிப் பார்த்துவிட்டாய். ஏழு வருடமும் உனக்குத் தெரிந்திருக்கிறது. கட்டிலில் சாய்ந்துகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டபோதும் தெரியும்.

நான்கு வரி எழுதியிருந்தாய். இடம். நாள். பிடித்தவர் என்பதற்கு நேரே என் பெயர். கடைசி வரியில் ‘திருத்தியவர்’ என்று எழுதி, அதற்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. ஆறிலும் அப்படித்தான். எதை விட்டாலும் அதை விடாதவள் நீ. அது நான் வந்து எழுதுவதற்காக நீ விட்டுவைத்த இடம் என்று எனக்குத் தெரிகிறது. ஏழு வருடம் விட்டுவைத்தாய்.

இன்று ஞாயிறு. காலைப் படகில் கொச்சங்காடிக்குப் போனேன். உன் வீட்டுக்காரரையும் இரண்டு பெண்களையும் உட்காரவைத்து, பேனா வாங்கியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குப் பல்லி, இனம், கணவாய் எதுவும் முழுக்கப் புரியவில்லை. மீன் வாங்கும் விஷயம் புரிந்தது.

“அப்ப அவ கண்ணுக்கு ஒரு கொழப்பமும் இல்லையா?” என்று கேட்டார்.

“இல்ல. முதல் தடவை பாத்தப்பவே அவ சரியாத்தான் சொன்னா.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், அது எனக்கு எளிதாக இருந்திருக்கும். “இத அவகிட்ட சொல்லியிருக்கலாமே சேச்சி,” என்று மட்டும் சொன்னார். உன் மூத்தவள் எழுந்துபோய் எனக்குச் சாயா கொண்டுவந்தாள். குடித்தேன்.

நாளை வகுப்பில் இதே பாடம். இந்த முறை உன் பெயரைச் சொல்லித் தொடங்குவேன், குப்பியையும் கொண்டுபோவேன். அதற்கு முன்னால் வேலை ஒன்று பாக்கி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் முனை சீவி உட்கார்ந்து, ஆறு சீட்டிலும் நீ விட்டுவைத்த இடத்தில் என் பெயரை எழுதினேன். பிறகு பல்லிகளை மறுபடி குப்பியில் இறக்கி மூடினேன். பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன். கரையாது.